மிதவைக்கு எதிராக நான் பேசிய நாள்

எங்கள் வீட்டில் ஒலிவாங்கி இல்லாமல் எந்தச் சண்டையும் தீர்ந்ததில்லை. மாத்தளை நகரில், கோவிலுக்குப் போகும் வீதியை ஒட்டிய சந்தொன்றில், அப்பா ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். கடையின் முன்பாதியில் பெட்டிகளும் கம்பிகளும் குடியிருக்கின்றன, பின்பாதியில் நாங்கள். தேர்த் திருவிழாவோ திருமணமோ, பல்லேபொலையில் பிக்குமாருக்கு ஒரு தானமோ லக்கலையில் ஒரு விளையாட்டுப் போட்டியோ, உரத்துப் பேச வேண்டியவர் எவராயினும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஆகவே நான் நடை பழகியதற்கும் ‘ஹலோ, செக்’ சொல்லப் பழகியதற்கும் இடையே அதிக காலம் இருந்திருக்க முடியாது.

பள்ளிக்கூடம் எனக்கு மேடையைக் கொடுத்தது. எங்கள் விவாத அணி வென்ற கேடயங்கள் இன்றும் பள்ளி அதிபரின் அலுமாரியில் நிற்கின்றன. அவற்றில் பாதியின் மீது எனக்கு உரிமை உண்டு என்று நான் சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. மறுத்தாலும் பதில் தயாராக இருக்கிறது. அங்கே நான் கற்ற முதல் விதி, தரப்பை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டுத் தேர்ந்தெடுக்கிறது என்பது. நம்புவதைப் பேச எவராலும் இயலும். கையில் விழுந்ததைப் பேசுவதுதான் கலை.

இந்த விதியை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று, ஏனென்றால் பழுதுபார்த்த ஒலிவாங்கிகளைச் சோதித்துப் பார்க்க அவருக்கு எப்போதும் யாராவது பேச வேண்டியிருந்தது. நாளடைவில் அது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. விவகாரம் முற்றினால், கம்பி ஆணிகள் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னில் இரண்டு சீட்டுகள் விழும். தங்கை கரண்டியால் தட்டைத் தட்டி நேரம் சொல்வாள். அம்மா நடுவர், கைவேலையை நிறுத்தாமலே தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு இரு தரப்பையும் கட்டும். ஆட்சேபணை இருந்தால் மறுநாள் காலைத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தாக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை அட்சரம் பிசகாமல் காத்தவள் நான்தான். எங்கள் வீட்டில் இன்று ஒரு பூனை இருப்பதே அதனால்தான். பூனை வேண்டாம் என்று பேசிய அப்பா, “நேரத்துக்கு எந்திரிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பூனை ஒரு கேடா?” என்று கேட்டுவிட்டார். மறுநாள் தேநீர் ஆறுவதற்குள் நான் ஆட்சேபித்தேன். அப்பா தகுதியிழந்தார், பூனை தங்கிவிட்டது.

இனி மிதவைக்கு வருகிறேன்.

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் புவியியல் படிக்கிறேன். கடலைக் கண்ணால் காணவே அரை நாள் பேருந்தில் போக வேண்டிய மாவட்டத்தில் பிறந்தவளுக்குக் கடலின் மீது இப்படி ஒரு மோகம் ஏன் வந்ததென்று என்னால் விளக்க முடியவில்லை; வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டில் எங்கள் விரிவுரையாளர் வகுப்புக்கு ஒரு வெள்ளைப் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடலின் மேற்பரப்பு நீரோட்டங்களை அறிவதற்காகக் கப்பலிலிருந்து போடப்படும் மிதவை அது. கைகளை விரித்து அணைக்கும் அளவு. உள்ளே பற்றரியும், தான் இருக்கும் இடத்தை வானில் சுற்றும் செய்மதிக்குச் சொல்லும் கருவியும் இருக்கும். கடல்நீரின் வெப்பத்தையும் அது சொல்லும். பந்து மட்டும் மிதந்தால் காற்று அதைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளிவிடும் அல்லவா? அதற்காக, நீளமான கம்பியொன்றின் முனையில், அலைக்கும் காற்றுக்கும் எட்டாத ஆழத்தில், ஒரு பெரிய துணிக்குழாய் தொங்கும். பக்கங்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள் வெட்டிய குழாய். அந்தத் துணியைக் கீழே ஓடும் நீர் பிடித்துக்கொள்ளும். காற்று மேலே எப்படி அடித்தாலும், பந்து தண்ணீர் போகும் வழியே போகும்.

அந்த வாரமே இதையெல்லாம் தொலைபேசியில் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா சற்று யோசித்துவிட்டு, “ஓட்ட விழுந்த சாரம் மாதிரின்னு சொல்லு” என்றார். ஆண்கள் இடுப்பில் கட்டும், மூட்டித் தைத்த அதே சாரம்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை.

ஆண்டு முடிவில் வாய்ப்பு வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆய்வுக் கப்பலொன்று இலங்கைக்குத் தெற்கே சென்று மிதவைகளை விடப் போகிறது; உதவிக்கு மாணவர் ஒருவருக்கு இடமிருக்கிறது. விரிவுரையாளர் என்னைக் கேட்டார். வீட்டின் சம்மதத்தைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இல்லையேல் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். வெள்ளிக்கிழமையே மாத்தளைக்குப் பேருந்து ஏறினேன்.

அப்பாவின் பதில், நான் பையை இறக்கி வைப்பதற்குள் வந்துவிட்டது.

“கப்பலா? முடியாது.”

“ஏம்ப்பா?”

“கடல் எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது.”

கடலை அப்பா அறிந்தது ஒரே ஒரு நாள். திருகோணமலைப் பக்கம் ஒரு கோவில் திருவிழாவில் சாமியைப் படகில் ஊர்வலமாகக் கொண்டுபோனபோது, பின்னால் இன்னொரு படகில் ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு அப்பா போனார். படகு ஆடியது; பெட்டியொன்று கடலில் விழுந்தது. நாங்கள் சிறுவயதிலிருந்தே அறிந்த கதை. அதற்குப் பிறகு குடும்பமாகக் கடற்கரைக்குப் போனாலும் அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலை கொறிப்பாரே தவிர, திரும்பிப் பார்க்க மாட்டார்.

கெஞ்சிப் பார்த்தேன். விளக்கிப் பார்த்தேன். மிதவையைப் பெட்டியோடுதான் கடலில் போடுவார்கள், பெட்டியின் அட்டையும் ஒட்டுத்தாளும் தண்ணீரில் ஊறிப் பிரிந்ததும் அது தானாகவே விரியும் என்று சொன்னபோது, அப்பாவின் முகம் மேலும் இறுகியது.

“பெட்டியோட தூக்கித் தண்ணியில போடுறாங்களா? இதுக்கா படிக்க அனுப்புனேன்?”

கடைசியில் தங்கைதான் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். “அக்கா போகலாமா கூடாதா. நாளைக்குச் சாயந்தரம். ஹரியா?” என்று சிங்களத்தில் முடித்தாள்.

எனக்கு மகிழ்ச்சி. மேடையில் என்னை வெல்ல மாத்தளையில் ஆளில்லை என்பது என் எண்ணம். ‘போகலாம்’ என்ற சீட்டு விழுந்தால் வென்றேன். ‘கூடாது’ விழுந்தால்? அதையும் யோசித்தேன். மோசமாகப் பேசித் தோற்றுவிடலாம். தோற்பதற்கு ஒரு திறமை வேண்டுமா என்ன?

சனிக்கிழமை மாலை, கடையின் பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்தோம். முந்தின நாள் பழுதுபார்த்த ஒலிவாங்கியை அப்பா நிமிர்த்தி வைத்தார். கடைக்கதவு திறந்தே இருந்ததால் சந்துக்கும் கேட்கும். எதிர்ச்சுவர் ஓரம் முச்சக்கரவண்டியை நிறுத்தியிருந்த, நாங்கள் ‘நானா’ என்றழைக்கும் முஸ்லிம் அண்ணன், இருக்கையில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு பார்வையாளராகிவிட்டார். அம்மா முருங்கைக்கீரையை மடியில் போட்டு உருவத் தொடங்கினார். தங்கை டின்னைக் குலுக்கினாள்.

எனக்கு விழுந்தது ‘கூடாது’. அப்பாவுக்கு ‘போகலாம்’.

அப்பாவின் முகத்தில் ஒரு சிறு நிம்மதி ஓடியதைக் கண்டேன். என் மனத்தில் ஓடியதும் அதுவே. தோற்றால் தாம் நினைத்தது நடக்கும் என்று இருவரும் ஒரே கணத்தில் தெரிந்துகொண்டோம்.

முதலில் அப்பா. “ஹலோ. நடுவர் அவர்களே, வணக்கம். மிதவை நல்லது. கடலுக்கும் நல்லது. பிள்ளைங்க போகலாம். போனா... போகலாம்.”

அம்மா தலை நிமிராமல் கேட்டார்: “அவ்வளவுதானா?”

ஒலிபெருக்கி கீச்சிட்டது. அப்பா குனிந்து விசையைத் திருகினார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் யாராவது மோசமாகப் பேசினால், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் குறைத்துவிடுவது அவர் வழக்கம். அமைச்சராயினும் அர்ச்சகராயினும் விதிவிலக்கில்லை. தம் கருவியில் மட்டமான பேச்சு போவதை அவரால் தாங்க முடியாது. இப்போது விசையின் மேல் விரல் வைத்தபடி, தம் குரலையே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஒலியைக் குறைக்காமல் நிமிர்ந்தார்.

“ஒரு விசயம் சொல்றேன். திருகோணமலையில என் பெட்டி விழுந்திச்சில்ல? விழுந்தது மட்டுந்தான் ஒங்களுக்குத் தெரியும். விழுந்த பெட்டி முங்கல. மெதந்திச்சு. தண்ணிக்கு மேல கொஞ்சூண்டுதான் தெரியும். படகுக்காரரு சொன்னாரு, காத்து கரையப் பாத்து அடிக்கிது, கரையில போய் நில்லுங்க, தானா வந்து சேரும்னு. நானும் மணல்ல நின்னேன். காத்து என் மூஞ்சியில அடிக்கிது. ஆனா பெட்டி எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போய்க்கிட்டே இருக்கு. இருட்டுற வரைக்கும் நின்னேன். வரல.”

சந்தில் முச்சக்கரவண்டி நானா காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ காத்துக்குக் கீழ வேற ஒண்ணு ஓடுது. அது எங்க ஓடுதுன்னு யாருக்காச்சும் தெரியணுமா வேணாமா? போனது பெட்டி, சரி. மீனுக்குப் போனவன் எவனாச்சும் தண்ணியில விழுந்துட்டா, அவன் பொண்டாட்டி பிள்ளைக்கு என்ன பதில் சொல்றது? காத்து போற பக்கம் தேடுறதா, தண்ணி போற பக்கம் தேடுறதா? அத சொல்லத்தான் அந்தப் பந்து. அந்தச் சாரம். நம்ம பல்லேபொல வயல்ல பெய்யிற மழையும் அந்தக் கடல் சூட்டுலேருந்துதான் வருதுன்னு இவளே சொன்னா. மலையில இருக்கிறவனுக்குக் கடல் எதுக்குன்னு கேக்கக் கூடாது. போகணும். நம்ம பிள்ளையும் போகணும். அவ்வளவுதான் நடுவர் அவர்களே.”

நானா தம் வண்டியின் ஹோர்ன் பந்தை இரண்டு முறை அழுத்தினார். அம்மாவின் விரல்கள், எனக்குத் தெரிந்து முதல்முறையாக, கீரையில் நின்றுபோயிருந்தன. அந்தப் பெட்டி மிதந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றே. எழுந்து, தட்டுத்தடுமாறி நான்கு வாக்கியம் சொல்லி, உட்கார்ந்துவிட வேண்டும். கப்பல் என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆனால் அந்த ஹோர்ன் ஒலி அப்பாவுக்காக ஒலித்தது. நான் பேசும் அவையில் கைதட்டல் எதிர்த்தரப்புக்குப் போவதை நான் பொறுத்துப் பழகியவளில்லை. ஒலிவாங்கியின் கழுத்தைப் பிடித்தேன். அவ்வளவுதான், என் திட்டம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“நடுவர் அவர்களே! அவையோரே! கடலில் வீசப்படும் மிதவையை வீசியவர்கள் திரும்ப எடுப்பதில்லை. பற்றரி தீரும்வரை அது அலையும். பின்பு எங்கோ கிடக்கும். திரும்பி வராத ஒன்றை வழியனுப்ப, திரும்பி வர வேண்டிய பிள்ளையை அனுப்புவதா? மிதவைக்கு ஆழத்தில் ஒரு சாரம் உண்டு, அது தன் வழி தவறாது. கப்பலுக்கு அப்படி எது உண்டு? பருவக்காற்று கடலைக் கிளப்பும் காலத்தையே தேர்ந்தெடுத்துப் போகிறார்களாம்! நீரோட்டத்தை அறிய மிதவை போதும் என்பதுதானே அறிவியல்? மனிதர் போகத் தேவையில்லை என்பதற்காகத்தானே கருவியையே கண்டுபிடித்தார்கள்?”

இந்தக் கடைசி வாதம் எனக்கே புதிது. பேசும்போது பிறந்தது. அதன் சுவையில் நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

“இறுதியாக ஒன்று. சற்றுமுன் ஒருவர் கடலைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கேட்டு நானும் உருகினேன். ஆனால் அவையோரே, ஒரு பெட்டியைப் படகோடு சேர்த்துக் கட்டத் தெரியாதவர், நம் வீட்டுப் பிள்ளையைக் கப்பலில் ஏற்றச் சொல்கிறார்!”

நானா விழுந்து விழுந்து சிரித்தார். தங்கை கரண்டியை நழுவவிட்டாள். அம்மாகூடச் சிரிப்பை அடக்கக் கீரையின் மேல் குனிந்துகொண்டார். “மாஷா அல்லாஹ், மகள்! வாப்பாவ கட்டிப் போட்டுட்டீங்களே!” என்று சந்திலிருந்து நானாவின் குரல் வந்தது. அப்பா மட்டும் ஒலிவாங்கியின் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

அம்மா தீர்ப்பைச் சொன்னார். “ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா கேக்குறவங்க மனசு இவ பக்கம் சாஞ்சிருச்சு. எனக்கும் பயம் வந்திருச்சு. போகக் கூடாது.”

கைகளை உயர்த்தினேன். வெற்றி! அந்தக் கைகள் மேலேயே நின்ற நிலையில் தங்கை அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா. நீ ஜெயிச்சிட்ட.”

“தெரியும்.”

“அதனால போக முடியாது.”

கைகளை இறக்கினேன்.

அன்றிரவுச் சாப்பாட்டில் முருங்கைக்கீரை எனக்குக் கசந்தது. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டும் என்று விதி செய்தவள் நான். பூனை என் காலடியில் உரசிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை அப்பா பாண் வாங்கப் போன பேக்கரிக்குச் செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. “மைக்க வாடகைக்குக் குடுக்கிறவரு, மைக்கப் புடிச்சுத் தோத்துட்டாராமே?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பாணை மேசையில் போட்டுவிட்டு, கதிரையை இழுத்து அப்பா உட்கார்ந்தார். அவர் முன் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“நடுவர் அவர்களே” என்றார்.

அம்மா பாண் வெட்டிக்கொண்டே, “என்னங்க காலங்காத்தால?” என்றார்.

“ஆட்சேபண. நேத்து இவ என் கருத்தத் தாக்கல. ஆளத் தாக்கியிருக்கா. ‘பெட்டி கட்டத் தெரியாதவர்’னா என்னா? அது வாதமா? பூனைக்கு ஒரு நியாயம், பெட்டிக்கு ஒரு நியாயமா?”

தங்கை தன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். அம்மா கத்தியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“ஆட்சேபண சரின்னா இவ தகுதியிழந்திருவா. அப்போ ஜெயிச்சது நீங்க. நீங்க ஜெயிச்சா இவ கப்பல்ல போகணும். தெரியுதா?”

அப்பா தேநீரைப் பார்த்தார். ஆவி மெலிந்துகொண்டிருந்தது. அந்தச் சில கணங்களில் என் கப்பல், என் கடல், என் மிதவை யாவும் அந்தக் கோப்பையின் சூட்டில் இருந்தன.

“தெரியும்” என்றார் அப்பா. “நான் சொன்னது சரின்னுதான் சொன்னேன். சும்மா பேசல.” பிறகு, தாம் இளகிவிட்டதாக எவரும் எண்ணிவிடாதபடி, “போறதும் போகாததும் அவ பாடு. நான் தோக்கல. அதான் பேச்சு” என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ என்ன சொல்ற? மறுப்பு இருக்கா?”

மறுப்பு இருந்தது! அது ஆள் மீதான தாக்குதல் அன்று. சான்று கூறுபவரின் அனுபவத்தை எடைபோடுவது விவாதத்தில் அனுமதிக்கப்பட்ட முறையே. பூனை விவகாரத்தில் எழுந்திருக்கும் நேரம் பூனையோடு தொடர்பற்றது, இங்கோ பெட்டி கட்டுவது பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. வாக்கியங்கள் வரிசையாக நாக்கின் நுனிக்கு வந்து நின்றன. ஒன்றுகூடச் சோடை போகாது. வாயைத் திறந்தும்விட்டேன்.

மேசைக்கடியில் தங்கை என் காலை மிதித்தாள்.

“இல்லை” என்றேன். நான் பேசிய பேச்சுகளிலேயே அதுதான் மிகச் சிறியது. கேடயம் ஏதும் கிடைக்காத ஒரே பேச்சும் அதுதான்.

“அப்போ இவ தோத்துட்டா” என்று அம்மா பாணுக்கு மாஜரின் பூசத் தொடங்கினார். “ஆனா பெட்டி கட்டுறது எப்படின்னு அப்பாகிட்ட கேட்டுட்டுப் போ.”

“கட்டத் தெரியும்!” என்றார் அப்பா.

மாத்தளையில் என்னை வென்ற ஒரே மனிதர் அப்பா. தகுதியிழந்து தோற்றேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பேச்சில் தோற்கவில்லை என்பதையும் சேர்த்து.

கப்பலில் எனக்கு மூன்று வேளையும் வயிறு குமட்டியது. ஆயினும் மிதவை விடும் நேரங்களில் தவறாமல் பின்தளத்தில் நின்றேன். கப்பல் வேகம் தணிந்தது. எனக்கு ஒதுக்கிய மிதவையை நானும் மாலுமி ஒருவரும் அதன் அட்டைப்பெட்டியோடு தூக்கி விளிம்பில் வைத்தோம். புறப்படும்போது அப்பா தம் கடையின் ஒட்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார்: ஒலி, ஒளி, சகல வைபவங்களுக்கும். கருவியின் மீது எதையும் ஒட்டக் கூடாது என்று உத்தரவு. அட்டையைப் பற்றி உத்தரவில்லை. ஒட்டினேன். அட்டை எப்படியும் ஊறிக் கரைந்துவிடும். தள்ளினோம். பெட்டி விழுந்து, சற்று நேரம் சரிந்து மிதந்து, ஈரத்தில் கறுத்து, பிரிந்தது. வெள்ளைப் பந்து தலையைத் தூக்கியது. அதன் கீழே சாரம் இறங்கிக்கொண்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன், கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தருணத்துக்கென ஒரு நல்ல உரை தயாரித்திருந்தேன். காற்றின் இரைச்சலில் மாலுமிக்குக்கூடக் கேட்கவில்லை.

மிதவைகள் போகும் பாதையை இணையத்தில் வரைபடமாகப் பார்க்கலாம். என் மிதவையின் எண்ணை அப்பாவின் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரங்களில் அது இலங்கைக்குத் தெற்கே, கிழக்கு நோக்கி ஓடியது. பிறகு வடக்கே திரும்பி, இலங்கையின் கிழக்குக் கரைக்கு வெகு வெளியே, வங்காள விரிகுடாவில் ஒரு பெரிய வட்டம் போடத் தொடங்கியது. அங்கே நீர் அப்படிச் சுழல்வது தெரிந்த விடயம்தான் என்று விளக்கினேன். அப்பா கேட்கவில்லை.

“திருகோணமலைக்குத்தான் போகுது” என்றார். “என் பெட்டியத் தேடுது.”

இப்போதெல்லாம் காலையில் ஒலிவாங்கியைச் சோதிக்கும்போது ‘ஹலோ, செக்’ என்பதோடு மிதவையின் நிலவரமும் சந்துக்கு அறிவிக்கப்படுகிறது. நேற்றும் நான் தொலைபேசியில் அழைத்தபோது பின்னணியில் அந்தக் குரல் கேட்டது. “இன்னைக்கு மறுபடியும் தெக்கால திரும்பியிருக்கு. காத்து ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.” நானாவின் ஹோர்ன் ஒருமுறை ஒலித்தது.

கம்பி அறுந்து துணிக்குழாய் போய்விட்டால் மிதவை காற்றின் போக்கில் போய்விடும், அதன்பின் அது காட்டுவது நீரோட்டம் ஆகாது என்று ஒருமுறை அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். குழாய் இருக்கிறதா இல்லையா என்பதையும் கருவியே அறிவித்துவிடும். அதனால் அழைப்பை வைப்பதற்கு முன், நான் சாப்பிட்டேனா என்று கேட்ட பிறகு, அம்மா தவறாமல் அதையும் கேட்கிறார்.

“சாரம் இருக்கா?”

நேற்றும் பார்த்துச் சொன்னேன்.

“இருக்கும்மா.”